பூவுக்குக் காம்பு உண்டா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. செடிகளைப் படமெடுத்துப் போட்டு அடையாளம் காணும் குழு. அதில் இருவர் ஒரு கீரைக்காகச் சண்டை போட்டார்கள். இருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால் பெயர், ஊர், முகமெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஜேடர்பாளையம் தடுப்பணையின்மேல் காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால்

[வேண்டாம். கதிரவனுக்கு இங்கே வேலையில்லை.]

வெண்ணிலா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தனியாக இருக்கிறார். குழுவில் அவர் ஒரு செடிக்குப் பெயர் சொல்லிவிட்டால் மறுபேச்சுக் கிடையாது, பரமத்தி வேலூர் பச்சமுத்து வந்து சேரும்வரை.

[பச்சமுத்துவை முதலில் கல்லூரி ஆசிரியராக வைத்தேன். வாயைத் திறந்தாலே பாடம் நடத்தினார். வேலையைப் பிடுங்கிக்கொண்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஒன்றைக் கொடுத்தேன். ஆள் தேறிவிட்டார்.]

3

ஜேடர்பாளையத்தில் ஆற்றோரம் எடுத்த படமொன்றை வெண்ணிலா குழுவில் போட்டு, ‘பொன்னாங்கண்ணி’ என்று எழுதினார்.

‘இல்லீங்க. அது தண்ணிய மூடற வெளிநாட்டுக் களைங்க’ என்றார் பச்சமுத்து.

இரண்டுக்கும் இலை ஒன்றுபோல. பூவும் வெள்ளைப் பொத்தான்போல. பொன்னாங்கண்ணியில் அது இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும்; களையில் காம்பு நீட்டி நிற்கும். வெண்ணிலா படத்தை மேலிருந்து எடுத்திருந்தார். காம்பு இருக்கிறதா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். (எனக்கும் அப்போது தெரியாது.)

‘நேர்ல போய்ப் பாத்தரலாமுங்க. தோத்தவங்க குழுவ விட்டுப் போயிரோணும்.’

‘சம்மதம்’ என்று அனுப்பிய பிறகுதான் வெண்ணிலாவுக்குத் திக்கென்றது. இந்தக் குழுவும் இல்லையென்றால் காலையில் யாரோடு பேசுவது?

4

பச்சமுத்து கழுத்தில் கயிறு கட்டிப் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜேடர்பாளையம் ஆற்றோரத்துக்கு வந்தார். வெண்ணிலாவின் கைப்பையிலும் ஒன்று இருந்தது.

“வழுக்குமுங்க, பாத்து.”

“நீங்க மொதல்ல பூவப் பாருங்க.”

வெண்ணிலா தண்டை வளைத்தார். பூ இலைக்கக்கத்தில் அப்பியிருந்தது. அடுத்த செடியிலும் அப்படியே. பச்சமுத்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

“காம்பு இல்லீங்க. பொன்னாங்கண்ணியேதானுங்க.”

“வெளையாட்டுக்குச் சொன்னதுதானே, விடுங்க.”

“அதெப்படீங்க? சொன்னா சொன்னதுதானுங்க. வாரேனுங்க.”

அங்கேயே நின்று குழுவிலிருந்து வெளியேறிவிட்டு, அவர் பஸ் ஏறப் போனார்.

[இந்த இடத்தில் வேறொரு முடிவும் எழுதினேன்: அணையில் தண்ணீர் திறந்துவிட, இருவரும் பார்ப்பதற்குள் செடியையே ஆறு கொண்டுபோகிறது. யார் திறந்துவிட்டது என்று நீங்கள் கேட்பீர்கள். நான்தான். அந்த முடிவை அடித்துவிட்டேன்.]

5

ஜெயித்தவர் மறுநாள் ஒரு படம் போட்டார். ‘சூப்பர் மேடம்’ என்றார்கள். அடுத்ததற்குக் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ‘எப்படிச் சொல்றீங்க?’ என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கும்பிட்டவர்களையெல்லாம் வெண்ணிலாவுக்குப் பிடிக்காமல் போயிற்று.

இரண்டு நாள் பொறுத்தார். பிறகு வாசல் சுவரோரம் முளைத்திருந்த கீழாநெல்லியை, இலையடியில் காய்கள் வரிசையாகத் தெரியும்படி படமெடுத்தார். பிறந்ததிலிருந்து ஒரு செடிக்கும் தப்பாகப் பெயர் சொல்லாத அந்த அம்மாள், ‘தொட்டாற்சிணுங்கி’ என்று எழுதிப் பச்சமுத்துவுக்கு மட்டும் அனுப்பினார்.

நீலக்குறி விழுந்தது. அவர் தட்டச்சு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

இரண்டு பதில்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ‘இல்லீங்க’ என்று தொடங்கி, முழம் முழமாக விளக்குகிறார். இன்னொன்றில், ‘ஆமாங்க, தொட்டாச்சிணுங்கியேதானுங்க. நேர்ல வந்து தொட்டுப் பாத்தரட்டுங்களா?’

எனக்கு எதையும் அடிக்க மனம் வரவில்லை. நீங்களே ஒன்றை அனுப்பிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அந்த அம்மாள் செல்போனைக் கீழே வைக்காமல் நிற்கிறார்.