படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் முதலாளி வெங்கட்டுக்குக் காதல் வந்ததும் முதலில் பாதிக்கப்பட்டது ஆபீஸ் ஏசி. வக்கீலம்மாவுக்குக் குளிர் ஆகாது என்று அதை இருபத்தேழில் வைத்துவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் மே மாதம். அவருடைய காதலுக்காக நாங்கள் பதினோரு பேர் வியர்த்தோம். நான் டைப்பிஸ்ட். என் மேசை அவர் அறை வாசலிலேயே இருந்ததால் எல்லாமே என் காதில் விழும்.

வக்கீலம்மா பெயர் தீபிகா. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஃபிட்டர் மகள். கம்பெனிகளை உள்ளே இருந்தே திருத்தலாம் என்று நம்பி எங்களிடம் சட்ட அதிகாரியாகச் சேர்ந்தாள். மாதச் சம்பளம் வாங்குகிற வக்கீல் கோர்ட்டில் வாதாடக் கூடாது என்பது விதி. அதனால் வக்கீல் உரிமமான சன்னதையும் நிறுத்தி வைத்துவிட்டு வந்தாள். ஊரைத் திருத்துகிறவர்களுக்கு எதிலும் அவசரம்தான்.

முதலாளி அவள் சொன்னதையெல்லாம் செய்தார். லேடீஸ் டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் வந்தது. கேன்டீன் சாம்பாரில் பருப்பு வந்தது. ஒரு நாள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவளோடு ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் படமும் எடுத்துக்கொண்டார். தாத்தா உண்டாக்கிய ஒர்க்‌ஷாப்புக்குள் பேரன் நடந்தது அதுதான் முதல் தடவை. அவளும் மயங்கிவிட்டாள். மனுஷன் மாறிக்கொண்டு வருகிறார் என்று என்னிடமே சொன்னாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

அப்போதுதான் ராணியின் வழக்கு வந்தது. கோவில்பதாகை ராணி எங்கள் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவள். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றச் சொன்னது முதலாளியேதான். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறதாம். இந்த மாதிரி வழக்குகளுக்கு எங்களிடம் ஒரே பதில் மனுதான் உண்டு, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று. ஒவ்வொரு தடவையும் பெயரை மட்டும் மாற்றி அடிப்பேன்.

தீபிகா புதிதாக எழுதினாள். சென்சாரைக் கழற்றச் சொன்னது நிர்வாகம், தவறு நிர்வாகத்துடையது என்று ஒரே பக்கம். அடித்து முடித்ததும் சந்தோஷத்தில் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். முதலாளி கையெழுத்தோடு அந்தக் காகிதம் போனால் ராணி ஜெயித்த மாதிரிதான்.

முதலாளி அதை வாங்கி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். காதலிக்கிறவன் எந்தக் காகிதத்தைப் படித்தான்? நான் கவரோடு தயாராக நின்றேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அவள் காகிதத்தைத் திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"படிச்சிட்டுப் போடுங்க வெங்கட். உங்களை ஏமாத்தி வாங்குனதா இருக்கக் கூடாது. தெரிஞ்சும் போடுவீங்கன்னு நம்புறேன்."

படித்தார். நிதானமாக நாலாகக் கிழித்தார். முகத்தில் துளி கோபம் இல்லை.

"இதுக்குத்தான் உன்னைப் பிடிச்சிருக்கு தீபிகா. வேற யாரா இருந்தாலும் அப்படியே கொண்டுபோய்க் குடுத்திருப்பாங்க. உன்ன மாதிரி ஒருத்தி கூட இருந்தா நான் நிம்மதியா இருப்பேன்."

ஆடி முடிந்ததும் பெண் கேட்டு அம்மாவை அனுப்புவதாகவும் சொன்னார். பாவி, அதையும் உண்மையாகத்தான் சொன்னார்.

அவள் அன்றே ராஜினாமா செய்தாள். அதை நான்தான் அடித்தேன். கவனக்குறைவு மனுவில் ராணியின் பெயரைப் போட்டு அடித்ததும் நான்தான். எனக்கு வேலை வேண்டும்.

மறுநாள் தீபிகா ராணியைப் பார்க்கப் போனாள், துணைக்கு நானும் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனியின் சட்ட அதிகாரியாக இருந்துவிட்டதால் ராணிக்காக வாதாடவும் தன்னால் முடியாது என்றாள். சொல்லும்போதே அழுதாள். அதில் பாதி வெங்கட்டுக்கான அழுகை என்பது எனக்குத் தெரியும்.

ராணி இடது கையால் அவளிடம் டீயை நீட்டினாள்.

"அவருதான் கையெழுத்துப் போட்டுட்டாரே, அப்பால இன்னாத்துக்கும்மா படிக்கச் சொன்னே? அவரு நல்லவரா ஆவட்டும்னு பாத்தே. என் கையப் பாத்தியா?"