மேசைக்கு வந்த கண்ணாடி

முற்றத்து மேசையின் கண்ணாடி உடைந்தது நிப்றாஸின் காலால்தான். கூரை விளிம்பில் எரியாமல் கிடந்த பல்பை மாற்ற மேசைமேல் ஏறினான். "கதிரைய வெச்சி ஏறுங்க, அது கண்ணாடி" என்று குசினிக்குள் இருந்து பஹ்மிதா சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் ஏறினான். பல்பு கைக்கு எட்டிய நேரம் காலடியில் 'படார்' என்று சத்தம். மறுநொடி வட்டமான இரும்புச் சட்டத்துக்கு நடுவே, கிணற்றுக்குள் இறங்கியவனைப் போல நின்றான். கற்கண்டைக் கொட்டியதுபோல் முற்றமெல்லாம் கண்ணாடித் துண்டுகள். கெண்டைக்காலில் கீறல்கள். பழைய பல்பு மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் கையில் இருந்தது.

பஹ்மிதா ஓடி வந்தாள். காயம் பெரிதில்லை என்று தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நிப்றாஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மருதமுனை வீடு பஹ்மிதாவுக்கு அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. கட்டிலும் அலுமாரியும் அவளோடு வந்தவை. பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையாய் வந்த நிப்றாஸ், சந்தியில் இடுப்பில் உடுக்கும் சாரன் விற்கும் கடை போட்டு நாலு காசு கண்ட பிறகு, ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட பொருள் அந்த மேசைதான். அஸர் தொழுதுவிட்டு வந்து அதில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்து, கடற்காற்று முகத்தில் படச் சாய்ந்து உட்கார்ந்தால் வீடே தனது என்று தோன்றும் அவனுக்கு.

"கெதியா ஒரு கண்ணாடி போடுங்க. வெறும் வளையத்தப் பாக்கவே ஒரு மாதிரி இரிக்கி" என்று பஹ்மிதா இரண்டு மூன்று தரம் சொன்னாள். "பாப்பம், பாப்பம்" என்று அவன் கடைக்குப் போய்விடுவான். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சாரன் கட்டுகள் கொழும்புக்கும் கண்டிக்கும் போய்க்கொண்டிருந்தன. மூச்சு விட நேரமில்லை.

ஒரு பின்னேரம் அவன் வீட்டுக்கு வந்தபோது படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் கண்ணாடி ஏற்றும் இரும்புச் சட்டம் பொருத்திய மோட்டார் சைக்கிள். பார்த்ததுமே யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அர்ஹம் முற்றத்தில் குந்தியிருந்து அளவு நாடாவை வளையத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டிருந்தான். நாடாவின் மறுமுனை பஹ்மிதாவின் கையில். இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மச்சான்" என்று அர்ஹம் எழுந்து நின்று சலாம் சொன்னான். "கிணத்துக்குள்ள விழுந்திட்டீங்களாமே!"

நிப்றாஸ் பதில் சலாம் சொன்னான். சிரித்தும் வைத்தான்.  தன் மேசைக்குள் தான் விழுந்த கதையை இவனிடமா சொல்லிச் சிரிக்க வேண்டும்?

அர்ஹம் பஹ்மிதாவின் மாமா மகன். கல்முனையில் கண்ணாடி, அலுமினியக் கடை வைத்திருந்தான். நல்ல உயரம், வெயிலில் நின்று வேலை செய்தும் முகத்தில் ஒரு தெளிவு. அவனுக்கும் பஹ்மிதாவுக்கும் ஒரு காலத்தில் கலியாணம் பேசியிருந்தார்கள். காணிப் பிரச்சினை ஒன்றில் இரண்டு குடும்பமும் முகம் பார்க்காமல் போனதில் அந்தப் பேச்சும் நின்றுபோனது; குடும்பங்கள் மறுபடி ராசியானது பஹ்மிதாவின் கலியாணத்துக்குப் பிறகுதான். இதை நிப்றாஸுக்குச் சொன்னது அவனுடைய மாமிதான், பஹ்மிதாவின் உம்மா, கலியாணம் முடித்த புதிதில், ஏதோ ஊர்க்கதை சொல்லும் சாக்கில். மாமி அதைச் சொல்லி மறந்தும் போயிருப்பா. நிப்றாஸ் ஒரு நாளும் மறக்கவில்லை.

பஹ்மிதா தேத்தண்ணி கொண்டுவந்தாள். நிப்றாஸின் கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கினாள். அர்ஹமின் கோப்பையை அப்படியே நீட்டினாள். சீனி வேணுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் வாங்கி அப்படியே குடித்தான்.

அன்று இரவு நிப்றாஸ் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அவனை ஆர் கூப்பிட்ட?"

"நான்தான். நீங்க பாப்பம் பாப்பம் எண்டு சொல்லிக் கொண்டிரிந்தா? அவர்ர வேலையே அதுதானே."

"அவன்ட கண்ணாடி வேணாம். நான் வேற செய்யிறன்."

அவன் வேறு செய்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மறுநாளே ஒட்டுப் பலகை ஒன்றை வாங்கி வந்து, தும்புக் கயிற்றால் வட்டம் கீறி, அயல் வீட்டு மரவாளை இரவல் வாங்கி அறுத்தான். வட்டம் ஒரு பக்கம் முட்டை போல நீண்டது. பச்சைப் பெயின்ற் அடித்துச் சட்டத்தில் வைத்தான். அடுத்து வந்த மழைக்குப் பலகை ஊதி, பொரித்த பப்படம் போல எழும்பிக்கொண்டது. கோப்பை வைத்தால் சரிந்தது. பஹ்மிதா அதன்மேல் ஒரு பழைய மேசைவிரிப்பைப் போட்டு மூடினாள். அவள் குத்திக்காட்டி இரண்டு வார்த்தை பேசியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அர்ஹமிடமிருந்து அழைப்பு வந்தது. "மச்சான், கண்ணாடி வெட்டியாச்சு. நாளைக்கு லுஹர் தொழுதிட்டுக் கொண்டு வந்து போட்டுத் தாறன்."

ஆக, பஹ்மிதா அவனை வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கோபத்தைவிட அவனுக்குப் பயம்தான் கூடுதலாக வந்தது. அந்த நடுப்பகல் நேரம் நிப்றாஸ் கடையில் இருப்பான். வீட்டில் அவள் மட்டும் இருப்பாள். அவர்கள் இருவரும் சேர்ந்து கண்ணாடியைத் தூக்குவார்கள், சரியாக வைப்பார்கள், துடைப்பார்கள். பிறகு சீனி போடாத தேத்தண்ணி.

மறுநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டுத் தங்கராசாவின் ஓட்டோவில் கல்முனைக்குப் போனான். தங்கராசா பாண்டிருப்பு ஆள். அவனுடைய சாரன் கட்டுகளை ஏற்றி இறக்குகிறவர்.

கடையில் அர்ஹம் இல்லை. சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் பூட்டப் போயிருந்தான். காசு மேசையில் இருந்தது அவன் மனைவி ஸுல்பிகா. நிப்றாஸ் தன்னை யாரென்று சொன்னதும் அவளுடைய முகம் சற்று இறுகியது.

"ஓ, பஹ்மிதாட மாப்பிள்ளையா? அந்தா இரிக்கி உங்கட கண்ணாடி."

சுவரோரம் பழைய கம்பளியில் சுற்றி, தனியாகச் சாத்தி வைத்திருந்தது. மற்றக் கண்ணாடிகள் தட்டுக்களில் ஒன்றோடொன்று நெருக்கமாய் நின்றன. ஸுல்பிகா எழுந்து வந்து கம்பளியை விலக்கினாள்.

"விளிம்பத் தொட்டுப் பாருங்க, காக்கா."

தொட்டான். ஆற்றுக்கல் போல வழுவழுவென்று இருந்தது.

"இந்தக் கடையில எவ்வளவோ கண்ணாடி வெட்டிரிக்கி. விளிம்ப மெஷின்ல ஒருக்கா ஓட்டி அனுப்புறதுதான் வழக்கம். இத ரா முழுக்கக் கையால தேச்சாரு. நான் சாப்பாட்ட மூடி வெச்சிட்டுப் பாத்திட்டிரிந்தன்." அவள் சிரித்தாள். அது சிரிப்பில்லை. "எங்கட குசினி ஜன்னல் கண்ணாடி போன மாரியில வெடிச்சது. இண்டைக்கு வரைக்கும் காட்போட் மட்டதான் வெச்சிரிக்கன். மழைக்கு ஊறி விழுந்தா மறுகா வேற மட்ட. கண்ணாடிக் கடக்காரன்ட வீடு."

 இத்தனை நாளும் தன் நெஞ்சுக்குள் கிடந்து அரித்தது எதிரே ஒரு பெண்ணின் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. அதைப் பார்த்து அவன் ஆறவில்லை. சந்தேகமாய் இருந்தது இப்போது சாட்சியோடு நின்றது.

ஸுல்பிகா குரலைத் தாழ்த்தினாள். "கேக்கிறனெண்டு குறை நினைக்காதீங்க. ரெண்டு பேரும் அடிக்கடி கதைக்கிறாங்களா?"

"என்ட பொஞ்சாதியப் பத்தி அப்பிடிக் கதைக்காதீங்க!"

குரல் தெருவரைக்கும் போனது. ஓட்டோவுக்குள் இருந்த தங்கராசா திரும்பிப் பார்த்தார். நிப்றாஸே திடுக்கிட்டுப்போனான். இரவெல்லாம் தான் மனதுக்குள் கேட்டதைத்தானே அவள் வாய்விட்டுக் கேட்டாள்? ஆனால் வேறொருவர் வாயிலிருந்து வந்தபோது அவனால் தாங்க முடியவில்லை.

"நான் பஹ்மிதாவச் சொல்லல்ல" என்றாள் ஸுல்பிகா மெதுவாக. கண் கலங்கியிருந்தது. "இவரத்தான் சொல்றன்."

 ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கண்ணாடியை ஓட்டோவுக்குள் ஏற்றினார்கள். நிப்றாஸ் அதை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான்.

வீதி நெடுக ஓட்டோ ஊர்ந்தது. பாண்டிருப்பு தாண்டும்போது ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அந்தக் குலுக்கலில் கண்ணாடி அவன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. விட்டுவிடு என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். வெளியே சாய்ந்து, தார் ரோட்டில் விழுந்து, கற்கண்டாய்ப் போகும். யாரும் அவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், பள்ளத்தைச் சொல்வார்கள். விரல்கள் உண்மையாகவே தளர்ந்தன.

"கவனம் முதலாளி" என்றார் தங்கராசா, முன்னாலிருந்த கண்ணாடியில் அவனைப் பார்த்து. "வீட்டுக்காரம்மா பாத்துக் கொண்டிருப்பா."

அந்தச் சொல்லுக்கு விரல்கள் மறுபடி இறுகின. வீடு வந்து சேர்ந்தபோது கை விறைத்துப் போயிருந்தது.

பஹ்மிதா படலைக்கு வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "மச்சான் வரல்லையா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. தங்கராசா போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஊதிய பலகையைத் தூக்கி மதிலோரம் வீசினான். இருவருமாகக் கண்ணாடியைச் சட்டத்தில் இறக்கினார்கள். பிசகாமல் பொருந்தியது. அந்தப் பொருத்தமும் அவனுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"உனக்கு அவனை முடிக்க விருப்பமிரிந்திச்சா?"

பஹ்மிதா குனிந்து, கண்ணாடி நழுவாமல் இருக்க ரப்பர் துண்டொன்றைச் செருகிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு செருகி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓம். இரிந்திச்சி."

இல்லை என்ற பதிலைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நம்பாமல் இன்னும் கோபப்பட்டிருக்கலாம். இதற்கு என்ன செய்வது? கதிரையில் உட்கார்ந்தான்.

"ஏ.எல். பரீட்ச எழுதிப்போட்டு வீட்ட இரிந்த காலம். மாமாட மகன். சின்ன வயசிலிரிந்தே அவருக்குத்தான் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. வேற ஆரைத் தெரியும் எனக்கு? பேச்சு நிண்ட நேரம் அழுதன்தான். அத உங்களுக்கிட்ட ஏன் சொல்லணும்? நீங்க கேக்கவுமில்ல."

"இப்ப?"

"இப்ப நீங்க இரிக்கீங்க, நான் இரிக்கன். இதென்ன கேள்வி?"

"அவனுக்குச் சீனி போடக் கூடாதெண்டு எப்பிடித் தெரியும் உனக்கு?"

பஹ்மிதா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மாமா வீட்ட எல்லாருக்கும் சீனி வருத்தம். அவர்ர உம்மாக்குக் கால் விரல எடுத்தது மறந்துபோச்சா? நீங்கதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

மறந்துதான் போயிருந்தது. வெட்கம் காதுவரைக்கும் ஏறியது. ஆனாலும் விடவில்லை. ஸுல்பிகா சொன்னதைச் சொன்னான்: கையால் தேய்த்த விளிம்பு, மூடி வைத்த சாப்பாடு, குசினி ஜன்னலில் மட்டை. பஹ்மிதா விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தாள். சட்டென்று எடுத்துவிட்டாள். இது அவளுக்குத் தெரியாத சங்கதி என்பதை அவன் கண்டான்.

அவள் போனை எடுத்தாள். ஒலியைக் கூட்டி, அவனுக்கும் கேட்கும்படி கண்ணாடிமேல் வைத்தாள்.

"மச்சான், கண்ணாடி வந்து சேந்திட்டு. இவர் போய்க் கொண்டு வந்திட்டாரு. நீங்க வர வேணாம்."

"அப்பிடியா? நான் வந்து ஒருக்காப் பாத்து..."

"வேணாம் மச்சான். நல்லாப் பொருந்தியிரிக்கி. நீங்க முதல்ல ஸுல்பிகாட குசினி ஜன்னலுக்குக் கண்ணாடியப் போடுங்க. இண்டைக்கே போடுங்க."

அந்தப் பக்கம் சத்தமில்லை. எங்கோ யாரோ அலுமினியம் அறுக்கும் ஓசை மட்டும் கேட்டது. அந்த மௌனம் எவ்வளவு நீள்கிறது என்று நிப்றாஸ் காத்திருந்தான்.

"ஓம்" என்றான் அர்ஹம் கடைசியில். "போடுறன்." இணைப்பு அறுந்தது.

பஹ்மிதா போய்த் தேத்தண்ணி ஊற்றி வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய முகத்தில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"இன்னும் என்னமாவது கேக்க இரிந்தா இப்பவே கேளுங்க. மனசுக்க வெச்சிட்டுப் பலக அறுக்க வேணாம்."

அவனுக்குக் கேட்க நிறைய இருந்தது. எந்த அறையில் உட்கார்ந்து அழுதாள், யார் தேற்றினார்கள், பாலமுனையிலிருந்து தன்னைப் பற்றிப் பேச வந்தபோது என்ன நினைத்தாள். ஒவ்வொன்றாய்க் கேட்டான். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண்ணை, ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்த அந்தப் பஹ்மிதாவை, அவன் அதுவரை அறிந்ததே இல்லை. அவளை அர்ஹம் அறிந்திருந்தான் என்பது நெஞ்சில் நெருப்பாய் எரிந்தது. ஆனாலும் அவள் கதையை நிறுத்தியபோது, "மறுகா? மறுகா என்ன நடந்திச்சி?" என்று கேட்டான்.