வாளியில் வைத்த கால்

அந்தக் குதிரைக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. தீவனம் ஐந்து நிமிடம் தாமதமானால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பான். லாயத்தில் அவனைக் கவனித்துக்கொள்வது நான். பந்தயத்தில் ஓட்டுவது என் தம்பி.

இருபது நாளைக்கு முன்பு மாப்பிள்ளையின் வலது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே எலும்பின் பின்பக்கம் ஓடும் தசைநாரில், சூடு கண்டது; உள்ளே காயம் என்று அர்த்தம். என் கைக்குத்தான் முதலில் தெரிந்தது. பெரிய பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இந்த ஒரு தடவை மட்டும்ண்ணே. அப்புறம் ஓய்வு குடுத்துடலாம்" என்றான் தம்பி.

மூன்று வருடமாகத் தம்பி ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. நானும் புத்தி கெட்டுப்போய்த் தலையாட்டினேன். தினமும் லாயத்து வைத்தியர் வருவதற்கு முன் அந்தக் காலை ஐஸ் வாளியில் அரைமணி நேரம் நிறுத்துவேன். சந்தேகம் வராதபடி மற்ற முன்னங்காலையும் ஒப்புக்கு நனைத்துவிடுவேன். அவர் தடவிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோல் ஜில்லென்றிருக்கும். என் சாமர்த்தியத்தில் தீயை வைக்க.

பந்தயத்தில் கடைசித் திருப்பத்தில் மாப்பிள்ளை நொண்டி நின்றுவிட்டான். மூன்றாம் நாள் ஆபரேஷனுக்குக் குதிரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"அடி பந்தயத்துலதான் பட்டுச்சா, முன்னாடியே இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "வீக்கத்துல ஸ்கேன் தெளிவா இல்ல. புதுசுன்னா உள்ள கட்டுன ரத்தத்தை வடிய விட்டாப் போதும். பழசுன்னா அது மட்டும் பத்தாது, நார் மறுபடி பிஞ்சுரும். வேற மாதிரி வெட்டணும்."

"பந்தயத்துலதாங்க" என்று தம்பி முந்திக்கொண்டான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன்.

கால் கழுவ ஒரு ஆள் வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே நகர்ந்து வந்தான். யாரும் சொல்லாமலே வலது காலைத் தூக்கி வாளிக்குள் வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா வாளியையே பார்த்தார். "மூணு நாள்ல இவ்வளவு பழக்கமா?"

தம்பி தரையைப் பார்த்தான். ஓட்டலாம் என்று கேட்டது அவன்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சூடு தெரிந்தது என் கைக்கு.

"இருபது நாளுங்க. நான்தான் மறைச்சேன்."

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"நடப்பானா?" என்று கேட்டேன்.

"நடக்க வெச்சுடலாம். ஓட மாட்டான். அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஓடியிருப்பான்."

உள்ளே கூட்டிப்போக ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை வாளியிலிருந்து காலை எடுக்கவே இல்லை. இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. தினமும் நான் முட்டியைத் தட்டிச் சொன்னால்தான் எடுப்பான்.

குனிந்து தட்டினேன். "போதும்டா" என்றேன்.

என் பேச்சை நம்பி உடனே எடுத்தான்.