பூ வந்த வேன்

வசந்தனுக்குக் கண் எரிந்தது. இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடே ஜொகூர் பாருவுக்கு மோட்டார் சைக்கிளை விட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, தன் அப்பா செத்ததை இன்னொருவர் விளக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இலக்கிய வட்டத் தலைவர் மனோகரன் அவன் கவிதையைத் திரையில் போட்டு, பூ வரும் இடத்துக்கெல்லாம் மஞ்சள் அடித்திருந்தார்.

“வெள்ளைச் செவ்வந்தி. அப்பாவோட தூய்மையான ஆத்மா. ‘வாடாத வட்டம்’னு எழுதுறாரு பாருங்க, அது தீராத துக்கம்.”

இருபது பேர் தலையாட்டினார்கள். புஷ்பவள்ளி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கடைசி வரிதான் உறுத்துது. ‘ஆஸ்பத்திரிக்கு வராத வேன் பூவோடு வந்தது.’ இத எடுத்துட்டா நம்ம போட்டியில முதல் பரிசு, வட்டத் தொகுப்புலயும் போடலாம்.”

“ஏன் சார் எடுக்கணும்?”

“பூவோட முடிச்சா வலி மனசுல நிக்கும் தம்பி. வேன் வந்தா புகார் கடிதம் ஆயிடும்.”

வேலை பார்த்த காஹாங் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, தோட்ட ஆபீசுக்கு ஓடி வேன் கேட்டவன் வசந்தன்தான். டிரைவர் லீவு என்றார்கள். பக்கத்து வீட்டுக் காரில் பாதி வழி போவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் அதே வேன் வந்தது. அதே டிரைவர் மலர்வளையத்தை இறக்கினான். நிர்வாகத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. அம்மா டிரைவருக்குக் காப்பி கொடுத்து நன்றியும் சொன்னாள். வசந்தன் அதற்குப் பிறகு, படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் பக்கம் போகவில்லை.

“அது கடையில வாங்குன பூ சார். அதுல ஒரு வலியும் இல்ல. எல்லாம் அந்த வேன்லதான் இருக்கு.”

“படிப்ப பாதியில விட்டா இப்படித்தான் லா. படிமம்னா என்னன்னே தெரியாது.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வசந்தன் எழுந்து போய், டீச்சர் கையிலிருந்த பேனாவையும் தன் கவிதையின் அச்சுப் பிரதியையும் வாங்கினான். மேசையில் வைத்து, மனோகரன் திரையில் மஞ்சள் அடித்த வரிகளை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தான். மஞ்சள் படாத வரிகளையும் அடித்தான். இரண்டு இடத்தில் தாள் கிழிந்தது. கடைசி வரி மட்டும் மிஞ்சியது. தாளை மனோகரன் முன் தள்ளினான்.

“இத போடுங்க. பரிசு வேணாம்.”

“ஒத்த வரிய எப்படிப்பா கவிதைன்னு போடுறது?”

“கவிதைன்னு போடாதீங்க சார். புகார்னே போடுங்க.”