அத்தானின் நூற்று நாற்பத்திரண்டு

என்னை முதன்முதலில் நத்தை என்று கூப்பிட்டவர் அக்காவின் கணவர்தான். எங்கள் ஓட்டக் குழுவில் முப்பது பேர். அத்தான் அதற்குத் தானாகவே கேப்டன் ஆனவர். அவர் கூப்பிட்டால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டார்கள். அதைக்கூட விட்டுவிடுவேன். போன வருட அரை மாரத்தானுக்காக ஆறு மாதம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தேன். குழுவுக்குக் கிடைத்தது எட்டே இடம், அதில் ஒன்று எனக்கு. முந்தின நாள் மாலை அத்தான் என் எண் அட்டையைப் பிடுங்கித் தன் ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்துவிட்டார்.

"நீ ஓடி முடிக்கிறதுக்குள்ள மேடையையே பிரிச்சுடுவாங்க. நீ வந்து எங்க பையை எல்லாம் பார்த்துக்கோ, சரியா?"

எல்லோரும் சிரித்தார்கள், அக்கா உட்பட. மறுநாள் மூன்று மணி நேரம் வெயிலில் எட்டுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போட்டோ எடுக்கும்போது, "கொஞ்சம் தள்ளிக்கோ, மறைக்குது" என்றார் அத்தான். இந்த மனுஷனை எல்லோர் முன்னாலும் மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்குக் கறுவிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுப்பது என் வேலை. பதினாறு வருடமாக, ஒரு நாளைக்கு நாற்பது பேர் மார்பில் ஒயரை ஒட்டி, இதயம் போடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓடுவதும் அதே இதயம்தானே? ஒரு மார்புப் பட்டை வாங்கினேன். விலாவைச் சுற்றி மாட்டிக்கொண்டால் துடிப்பை எண்ணிக் கையிலுள்ள வாட்சுக்கு அனுப்பும். நிமிடத்துக்கு நூற்று நாற்பத்திரண்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடை என்று வைத்துக்கொண்டேன். முதல் மூன்று மாதம் பாதிக்குப் பாதி நடைதான். பால் வாங்கப் போகிறவர்கள்கூட என்னை முந்திப் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டாவது மாதத்தில், அத்தான் மூச்சிரைக்க ஓடுகிற வேகத்தில் நான் அதே நூற்று நாற்பத்திரண்டில் ஓடினேன். வெளியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழு ஓட்டத்தில் அவர் தோளை ஒட்டியே வந்தேன். தான் ஓடவைத்த ஓட்டம் என்று அதற்கும் அவரே பெருமைப்பட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு தடவை அந்தப் பட்டையை இரவல் கேட்டார். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, அரிக்கிறது என்று வியர்வை நாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார். அலசிக் கொடுக்க வேண்டும் என்ற இங்கிதம்கூடக் கிடையாது. நானே சோப்புப் போட்டுத் துவைத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருடைய தம்பட்டம் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் தன் வாட்ச் வரைபடத்தைக் குழுவில் போடுவார். "பாருங்கப்பா, இந்த வேகத்துல வெறும் நூத்தி நாப்பத்திரண்டு! இது இதயமா, இரும்பா?" தனியாக ஓடும் நாட்களில் அதே வாட்ச் நூற்று எழுபத்தைந்து காட்டுமாம். அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

"அது மணிக்கட்டுல எண்ணுதில்ல, தப்பா எண்ணுது. நம்ம இதயத்துக்குக் கூட்டம் வேணும். கூட்டத்தோட ஓடினா அடங்கிடுது."

மகராசன், என்ன அறிவு!

ஒரு ஞாயிறு பெட்ரோல் பங்க் திருப்பத்தில் ஒரு நாய் என்னை மட்டும் குறிவைத்துத் துரத்தியது. நான் அலறிக்கொண்டு ஒரு கடை வாசற்படியில் ஏறினேன். அத்தான் இரண்டடி தள்ளி நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானம் அவர் போட்ட வரைபடத்தைப் பார்த்தேன். ஆறு மணி ஐந்து நிமிடத்தில் கோடு செங்குத்தாக நூற்று எழுபத்தொன்றுக்கு ஏறி இறங்கியிருந்தது. என் வாட்சை எடுத்தேன். ஆறு ஐந்து, நூற்று எழுபத்தொன்று. நாய் துரத்தியது என்னை, பயந்தது அவர் இதயமா? இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மேடு பள்ளம்கூட மாறவில்லை. இரவல் வாங்கிய நாளில் அவர் வாட்ச் என் பட்டையோடு பழகிவிட்டது, பட்டையோ ஒரே நேரத்தில் இரண்டு வாட்சுக்கும் அனுப்பும். நான் பக்கத்தில் ஓடும்போதெல்லாம் அது என் துடிப்பைத்தான் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் அவர் பீற்றிக்கொண்டது என் இதயத்தை.

சொல்லியிருக்கலாம். அடுத்த அரை மாரத்தானுக்கு நாலு வாரம் இருந்தது. ஆனால் எட்டுப் பைகள் கண்ணுக்குள் நின்றன. வாயைத் திறக்கவில்லை.

இந்த முறை என் எண் அட்டையை நானே பதிவு செய்து வாங்கினேன். புறப்படும் இடத்தில் அத்தான் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். "நூத்தி ஐம்பத்தஞ்சு என் எல்லை. அது வர்ற வரைக்கும் வேகத்தை ஏத்திக்கிட்டே இருப்பேன்."

"அத்தான், நான் உங்ககூடவே ஒட்டிக்கிட்டு வரட்டுமா?"

"வா, நத்தை. வந்து கத்துக்கோ."

ஐந்தாவது கிலோமீட்டரில் வாட்சைப் பார்த்தார். "நூத்தி நாப்பத்துமூணு! இன்னும் எவ்வளவு இருக்கு பாரு!" வேகத்தைக் கூட்டினார். நானும் கூட்டினேன். எனக்குச் சுகமாக இருந்தது, காலுக்கும் சரி, மனதுக்கும் சரி. ஒன்பதில் பேச்சை நிறுத்தினார். பன்னிரண்டில் அவர் மூச்சு இரும்புக் கதவை இழுக்கிற மாதிரி சத்தம் போட்டது. ஆனாலும் வாட்ச் நூற்று நாற்பத்தெட்டு என்றது. அவர் தன் மூச்சை நம்பவில்லை, அதைத்தான் நம்பினார். இன்னும் கொஞ்சம் வேகம். ஓடு ராஜா, ஓடு என்று உள்ளுக்குள் கொக்கரித்தேன்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த நிறத்தில் வருகிறவர்களை நாங்கள் வரிசையில் உட்காரவைப்பதில்லை, நேரே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடுவோம். இவர் மண்ணைக் கவ்வ வேண்டும் என்றுதான் நினைத்தேன், சாக வேண்டும் என்று நினைக்கவில்லை.

"அத்தான், நில்லுங்க. அது உங்க துடிப்பு இல்ல. என்னோடது."

"பொறாமை…" என்றார். "பாரு… நூத்தி… நாப்பத்தெட்டு."

பனியனுக்குள் கையை விட்டுப் பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். உருவி எடுத்து, சொட்டச் சொட்ட அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். அவருடைய வாட்சில் எண் மறைந்து இரண்டு சின்னக் கோடுகள் வந்தன. அவர் அதையே பார்த்தபடி தடுமாறி நின்றார். கொஞ்ச நேரத்தில் வாட்ச் மணிக்கட்டிலேயே எண்ண ஆரம்பித்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்று.

"இதுதான் உங்களோடது" என்றேன்.

அவர் முழங்கால் மடங்கிற்று. பிடித்து நடைபாதை ஓரத்தில் உட்காரவைத்து, முதலுதவிக்காரர்களைக் கத்திக் கூப்பிட்டேன். அவர்கள் ஒயர் ஒட்டிப் பார்க்கும் வரை நின்றேன். கோட்டை நானும் எட்டிப் பார்த்தேன். வேகம்தான், வேறு கோளாறு இல்லை. துடிப்பு நூற்று முப்பதுக்கு இறங்கிய பிறகுதான் கிளம்பினேன். மிச்சம் ஆறு கிலோமீட்டரையும் பட்டை இல்லாமல் வெறிபிடித்த மாதிரி ஓடி முடித்தேன்.

முடிவிடத்தில் அத்தான் எனக்கு முன்பே இருந்தார், முதலுதவி வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். தோளில் போர்வை. சுற்றிலும் எட்டுப் பைகள். ஓடி முடித்தவர்கள் பழம் வாங்கப் போகும்போது, "கேப்டன், இதைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று இன்னும் இரண்டு ஜோடிச் செருப்பையும் அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வருடமாக நான் காத்திருந்த காட்சி அது. கண் குளிரப் பார்த்தேன்.

அக்கா அவர் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் சொன்னார்" என்றாள். "அது உன் துடிப்புன்னு உனக்கு எப்போ தெரியும்?"

அத்தானும் நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்குத்தான் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் தானாகவே தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டால், நான் ஜெயித்தது யாருக்குத் தெரியும்?

"நாலு வாரமா தெரியும்."

அக்காவின் கை நின்றது. பிறகு குனிந்து, குவியலிலிருந்து என் பையைத் தேடி எடுத்து என் மார்பில் வைத்துத் தள்ளினாள்.

"உன் பையை நீயே பார்த்துக்கோ. இனிமே வீட்டுப் பக்கம் வராதே."

அத்தான் அட்டையைப் பிடுங்கிய அன்றைக்கு அவளும் சிரித்தது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. பையைத் தோளில் மாட்டினேன். அத்தானின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் பட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.