அம்மாவின் குரலுக்கு ஒரு பொத்தான்

"அந்தப் பொத்தானைப் பிடுங்கிப் போடுறியா, இல்ல நான் வந்து பிடுங்கட்டுமா?"

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்காரி போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பாதிச் சண்டையில் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது. என்ன செய்ய, அன்றைக்குத் தாமதம். பண்பாட்டுக் கூடத்து வாசலில் அவள் அண்ணன் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றார். பொறுப்பாளர் ஆனதிலிருந்து குளிக்கும்போதாவது அதைக் கழற்றுகிறாரா என்பது எங்கள் தெருவின் தீராத சந்தேகம்.

"மெதுவாப் பேசும்மா. உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்கு."

"அதுங்கதான அமுக்குது. காலையிலிருந்து இருக்கேம்மா, இருக்கேம்மான்னு கத்தித் தொண்டை வத்திப்போச்சு."

எங்கள் சனத்தில் தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரு கூவல் வைத்திருப்பாள். காட்டின் எந்த மூலையில் கேட்டாலும் அந்தப் பிள்ளை உடனே "இருக்கேம்மா" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிள்ளை செத்துவிட்டது என்று அர்த்தம். ஆதிக்குடிகளின் பண்பாட்டைக் காக்கிறோம் என்று அரசாங்கம் கூடம் கட்டியபோது, படுக்கையில் கிடந்த அவர்கள் அம்மா தங்கச்சிக்கு வைத்திருந்த கூவலைப் பதிவு செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார் அண்ணன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடத்துக்கும் தங்கச்சி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். யார் பொத்தானை அமுக்கினாலும் அம்மா கூப்பிடுவாள். குழம்பைக் கிளறிக்கொண்டே இவள் பதில் சொல்வாள். பதில் சொல்லாமல் இருந்தும் பார்த்தாளாம். அன்று சோறு இறங்கவில்லை.

"சத்தத்தையாவது கொறையேண்ணே."

"எல்லாம் மேலிடத்துல முடிவு பண்ணது. என் கையில ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னுத எடுத்துட்டு உன் கூவலை வையி. நீயே பதில் சொல்லிக்கிட்டு உக்காரு."

அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் படத்தைத் தவிர வேறு என்ன இருக்கப்போகிறது.

"ரெண்டையும்தான் அம்மாகிட்ட கேட்டேன். உன்னுத மட்டும் கூவுச்சு. என்னுது மறந்துபோச்சுன்னு சொல்லிடுச்சு."

உள்ளே எந்தப் பிள்ளையோ பொத்தானை அமுக்கியது. அண்ணன் முகத்தைப் பார்க்காமல், தெருப் பக்கம் திரும்பி, "இருக்கேம்மா" என்றாள் தங்கச்சி.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு லாரிக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கழுத்தை நீட்டிக் கடலோரம் குடிபோய்விட்டாள். மாப்பிள்ளையின் வயதைப் பற்றித் தெருவே பேசியது. தொடங்கி வைத்தது நான்தான். அலைச்சத்தத்தில் அங்கே எதுவும் காதில் விழாதாம்.

பொத்தான் இருக்கிறது. அது கூவும்போதெல்லாம் அண்ணன் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தி, அந்தப் பூட்டிய வீட்டுச் சுவரைப் பார்த்து வாயைத் திறக்கிறார். பிறகு மூடிக்கொள்கிறார்.