பித்தளை தேய்த்த தூசி

அந்தக் குளிர்காலத்தில் என் கணவன் ஆரின் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கிப்போக ஆரம்பித்தான். கையில் முள்கரண்டி இருக்கும், கண் மூடியிருக்கும். ரயில் தண்டவாளம் பழுதுபார்த்துப் பார்த்தே முதுகை ஒடித்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். மொன்டானாவின் கிழக்குக் கோடியில் எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய ஆண்கள் எல்லாருமே இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கித்தான் வீடு திரும்புவேன். ஒருவர் அலுப்பை ஒருவர் விசாரிக்கிற வழக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு இருந்த ஒரே வேலை பித்தளை துலக்குவது. சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை இங்கே யாரும் எறிவதில்லை. பொறுக்கி வந்து, கரி போகத் துலக்கி, அடியில் புது வெடிப்பொட்டு வைத்து, மருந்து நிரப்பி, குண்டைச் செருகினால் மறுபடி சுடலாம். நிரப்புகிற வேலை எல்லாருக்கும் பிடிக்கும். துலக்குகிற வேலை யாருக்கும் பிடிக்காது. ஆகவே துப்பாக்கி கிளப்காரர்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஆரினிடம் ஒரு அதிரும் தொட்டி இருந்தது. அரைத்த மக்காச்சோளச் சக்கையோடு தோட்டாக்களை அதில் கொட்டி ஓடவிட்டால், கடகடவென்று உருண்டு உருண்டு கரியெல்லாம் சக்கையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சல்லடையில் கொட்டிக் குலுக்குவான். சாம்பல் நிறத் தூசி புகை மாதிரி எழும். வெளியே பனி, அதனால் கராஜ் கதவைச் சாத்தி ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான்.

வாளி கொண்டுவருகிறவர்களில் லாய்ட் முக்கியமானவன். கிளப்பின் தலைவன், ஆரினோடு ரயில்வேயில் இருந்தவன்.

"வெர்லா, பாத்திரம் தேய்க்கிறதுல உன் புருஷன் உன்னையே மிஞ்சிட்டான் போ" என்பான்.

"அப்படியா? வீட்ல ஒரு தட்டக்கூட கழுவினதா ஞாபகம் இல்லையே. கூட்டிட்டு வந்து சிங்க் முன்னாடி நிறுத்து, பாக்கலாம்."

ஆரின் சிரிப்பான். அப்போதெல்லாம் அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நின்றுவிடும்.

எங்கள் மகள் ஜனெல் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறாள். மருமகன் டகோட்டா பக்கம் எண்ணெய் வயலில். இரவில் பேத்தி மாரனுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி துணை. காலையில் ஜனெல் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுத் தூங்கப் போவாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை ஆரின்தான் பார்த்துக்கொள்வான். நடை பழகுகிற வயசு. தாத்தாவின் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டு, அவனுடைய சாய்வு நாற்காலியில், அவன் நெஞ்சின் மேலேயே தூங்குவாள். குழந்தை தூங்கிய பிறகு கராஜுக்குப் போவான், அழும் சத்தம் கேட்டால் அப்படியே எழுந்து வந்து தூக்குவான்.

பிப்ரவரியில் மாரனுக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனை நடந்தது. ரத்தத்தில் காரீயம் இருக்கிறது, இருக்கக்கூடாத அளவு இருக்கிறது என்றார்கள்.

ஜனெல் குடியிருந்தது பழைய வாடகை வீடு. ஜன்னலில் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரியும். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் காரீயம் கலந்திருக்கும், அதுதான் காரணம் என்று எல்லாரும் முடிவு கட்டினோம். இரவு முழுக்க கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வந்து, தூங்காமல் ஜன்னல் ஜன்னலாகத் தேய்த்தாள் அவள். வீட்டுக்காரனிடம் போய்ச் சண்டை போட்டவன் ஆரின்.

"பச்சக் கொழந்த இருக்கிற வீடுடா இது! பெயின்ட் அடிக்க மாட்டியா நீ?"

ஆரினின் கை நடுங்கியதைப் பார்த்தேன். கோபம் என்று நினைத்தேன்.

சுகாதாரத் துறையிலிருந்து டெஸ் என்று ஒரு சின்னப் பெண் வந்து ஜனெல் வீட்டைச் சோதித்தாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை. "பகல்ல பாப்பா எங்க இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. ஈரமான பஞ்சுக் குச்சியால் தரையைத் துடைத்தாள். கால்மிதியைத் துடைத்தாள். காரீயம் பட்டால் பஞ்சு சிவக்கும் என்றாள். கால்மிதியில் இளஞ்சிவப்பு. ஆரினின் நாற்காலிக் கையில் ரத்தம் மாதிரியே சிவந்தது.

"சார், துப்பாக்கி சம்பந்தமா ஏதாவது வேல பண்றீங்களா?"

"தோட்டா துலக்குவேன். அது பித்தளதானேம்மா. பித்தளைல ஏது காரீயம்?"

"பித்தளைல இல்ல சார். சுடும்போது வெடிப்பொட்டுலேர்ந்து வர்ற கரில இருக்கு. காய்ஞ்ச சக்கைல போட்டு உருட்டினா அவ்வளவும் தூசியாயிடும். நீங்க சலிக்கும்போது உங்க சட்டைல, கைல, தலைமுடில…"

ஆரின் தன் சட்டைக் காலரைக் கையால் தொட்டான். உடனே, நெருப்பைத் தொட்டவன் போலக் கையை எடுத்தான்.

"எனக்கு ஒண்ணும் ஆகலியே" என்றான்.

"உங்க ரத்தத்தையும் பாத்துடலாம் சார்."

அவனுடைய காரீயக் கணக்கு குழந்தையுடையதைவிடப் பல மடங்கு இருந்தது. வயிற்று வலி உண்டா, மூட்டு வலி உண்டா, சும்மா சும்மா எரிச்சல் வருமா, உட்கார்ந்தால் தூக்கம் வருமா என்று டாக்டர் கேட்கக் கேட்க, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். காரில் வரும்போது சொன்னான்.

"வயசாயிடுச்சுன்னு நெனச்சேன், வெர்லா."

"நானும்தான்."

"ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துது, தெரியுமா? ஒரு காரணம் கெடச்சுதேன்னு. அப்புறம் கொழந்த மொகம் வந்துடுச்சு."

அவனைத் தேற்ற எனக்குத் தோன்றவில்லை. திட்டவும் தெம்பு இல்லை. சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன்.

ஜனெல் கத்துவாள் என்று பயந்திருந்தான். அவள் கத்தவில்லை. இரவு வேலைச் சீருடையோடு சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் இனிமே யார்கிட்டப்பா விடுவேன் இவள?"

கூட வேலை செய்கிற ஒருத்தியிடம் விட ஏற்பாடு செய்துகொண்டாள். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

மறு சனிக்கிழமை லாய்ட் இரண்டு வாளியோடு வந்தான். ஆரின் வாசலிலேயே நிறுத்தினான்.

"எடுத்துட்டுப் போயிடு. உள்ள இருக்கிற உன் வாளியையும் சேத்து."

"என்னடா இது! அந்தச் சின்னப் பொண்ணு சொன்னாங்கறதுக்காகவா? நாப்பது வருஷமா பண்றோம். செத்தா போயிட்டோம்?"

"நீயும் போய் ரத்தம் குடுத்துப் பாரு."

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

"நீ தேய்க்கல லாய்ட். நான் தேய்ச்சேன்" என்றான் ஆரின். குரலை உயர்த்தவில்லை. உயர்த்த அவனிடம் சக்தி இல்லை. லாய்ட் வாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கதவை ஓங்கிச் சாத்திய சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்தோம். பெருக்கக்கூடாது, பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று டெஸ் சொல்லியிருந்தாள். நான் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் முட்டி போட்டுவிடுவேன். அவன் கம்பளத்தை வெட்டி வெட்டிச் சுருட்டினான். சாய்வு நாற்காலியை இழுத்து வண்டியில் ஏற்றும்போது நடுவில் மூன்று தடவை படியில் உட்கார்ந்துவிட்டான்.

"விடு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"நாளைக்கும் இப்படித்தான் இருப்பேன். பிடி அந்தப் பக்கம்."

பிடித்தேன். குப்பைமேட்டில் அதைத் தள்ளிவிட்டுத் திரும்பும்போது, திருமணமான பிறகு முதல் தடவையாக அவன் அழுவதைப் பார்த்தேன். அழுவதற்குக்கூட அவனுக்கு மூச்சு போதவில்லை.

வசந்தத்தில் மாரனின் கணக்கு பாதியாகக் குறைந்தது. கோடையில் இன்னும் குறைந்தது. ஆரினுடையது மெதுவாகத்தான் இறங்கியது. எலும்புக்குள் போய் உட்கார்ந்தது அவ்வளவு சுலபத்தில் வெளியே வராதாம். தொட்டியைக் கிளப்புக்கே கொடுத்துவிட்டான். அங்கே இப்போது வெளியில் வைத்து, தண்ணீரில் எஃகு ஊசிகளைப் போட்டு உருட்டித் துலக்குகிறார்கள், தூசி எழாமல். அப்படிச் செய்யச் சொன்னதே லாய்ட்தான் என்று கேள்விப்பட்டோம். அவனும் ரத்தம் கொடுத்துப் பார்த்தானா என்பது தெரியாது. எங்களிடம் அவன் பேசுவதில்லை.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனெல் மாரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆரின் காலையிலேயே குளித்து, கடையிலிருந்து வந்த மடிப்புக் கலையாத புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கொல்லைப்புறத்தில் காத்திருந்தான். குழந்தையை நீட்டியதும் கையை நீட்டினான். மாரன் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கி, வீறிட்டு அழுது, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மறந்துட்டாப்பா" என்றாள் ஜனெல், அவன் முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு வாரம் வந்து போனா பழகிடுவா."

"ரெண்டு வாரம்னா, அப்போ வருவியா?"

"வரேன்."

ஆரின் கையை மடியில் வைத்துக்கொண்டான். "அழட்டும் விடு, அவசரமில்ல" என்றான். பிறகு, கொஞ்சம் படுத்துக்கொள்ளவா என்று என்னிடம் கேட்டுவிட்டு உள்ளே போனான். நான் ஜனெலுக்கு உருளைக்கிழங்கு சாலட் எடுத்துவைத்தேன்.